‘நாங்கள்’ என்று சொல்லும் ஒருவர்: பன்மை மனத்தைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

2005 ஏப்ரலில் ‘சந்திரமுகி’ வந்தது, ஜூனில் ‘அந்நியன்’ வந்தது. ஓர் உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் இருப்பதைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச்செடுத்தால், இன்றைக்கும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும். ஒன்றில் கண்ணை உருட்டும் ஆவேசம், இன்னொன்றில் கொலை. யாராவது கோபப்பட்டால் “அவனுக்குள்ள அந்நியன் வந்துட்டான்” என்கிறோம். முன்னுக்குப் பின் மாற்றிப் பேசுகிறவருக்கு ‘ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி’ என்று பட்டம் கட்டுகிறோம். மனச்சிதைவு நோயையும் இதையும் ஒரே பையில் போட்டுவிடுகிறோம்.

இப்படி வாழ்கிற தோழி ஒருத்தி எனக்கு இருக்கிறாள். பதினோரு வருடப் பழக்கம். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது இந்தப் பேச்சையெல்லாம் முகத்தில் எதுவும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளைக் கேட்டுக்கொண்டு, யாரென்று தெரியாத அளவுக்கு, சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தது, அதைப் புரிந்துகொள்ளத் தேடிப் படித்தது, இவ்வளவுதான் என் தகுதி.

எல்லோருக்கும் தெரிந்த ஓர் அனுபவம்

வேலை முடிந்து வண்டியில் வீட்டுக்கு வருகிறீர்கள். வாசலில் நிறுத்தும்போதுதான் சுரணை வருகிறது: வழி முழுக்க எப்படி வந்தோம்? சிக்னலில் நின்றிருக்கிறீர்கள், பள்ளத்தை ஒதுக்கியிருக்கிறீர்கள், குறுக்கே வந்த நாய்க்கு பிரேக் போட்டிருக்கிறீர்கள். எதுவும் நினைவில் இல்லை. வண்டி ஓட்டியதும் நீங்கள்தான், மனதுக்குள் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு வந்ததும் நீங்கள்தான். அந்த இருபது நிமிடம் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓடியிருக்கின்றன.

இதற்குப் பெயர் விலகல். மருத்துவர்கள் ‘டிசோசியேஷன்’ என்பார்கள். நினைவு, உணர்ச்சி, உடல், ‘நான்’ என்கிற எண்ணம், இவையெல்லாம் சாதாரணமாகச் சேர்ந்தே இயங்கும். அவை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி நிற்பதுதான் விலகல். பியர் ஜானே என்ற பிரெஞ்சு அறிஞர் 1889லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்.

மின்விசிறிக்கு இருப்பதுபோல விலகலுக்கும் அளவு உண்டு. வண்டி ஓட்டிய கதை ஒன்றாம் எண். விபத்தில் சிக்கியவர் “யாருக்கோ நடக்கிற மாதிரி மேலேர்ந்து பாத்துக்கிட்டு இருந்தேன்” என்று சொன்னால் அது மூன்றோ நான்கோ. ஒருவருக்குள் தனித்தனி நினைவும் தனித்தனிப் பெயரும் உள்ள பலர் இருப்பது ஐந்தாம் எண். ஐந்தும் ஒரே மின்விசிறியின் வேகம்தான், வேறு உலகத்திலிருந்து வந்து புகுந்துகொண்டது எதுவும் கிடையாது.

“எல்லாருக்குமே பல முகம் இருக்குதானே?” என்று உடனே ஒரு கேள்வி வரும். இருக்கிறது. மேனேஜரிடம் பேசுகிற குரலில் நான் அம்மாவிடம் பேசுவதில்லை. ஆனால் ராத்திரி அம்மாவிடம் கொஞ்சும்போது, காலையில் மேனேஜரிடம் பணிந்து பேசியதும் நான்தான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெரிதல் அறுந்துபோகிற இடத்தில்தான் நாம் பேசப்போகும் விஷயம் தொடங்குகிறது.

மூன்று பால் பாக்கெட்

நான்கு வருடத்துக்கு முன்பு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ போடலாமென்று ஃப்ரிட்ஜைத் திறந்தால் அரை லிட்டர் பச்சை பாக்கெட் பால் மூன்று இருந்தது. மூன்றிலும் அதே தேதி. அவள் தனியாக இருக்கிறவள். “ஒருத்திக்கு எதுக்குடி ஒன்றரை லிட்டர்?” என்றேன். அவள் பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கழித்து, “ஒண்ணு நான் வாங்கினேன். மத்த ரெண்டும் தெரியல” என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகச் சொன்னாள். அப்போதே ஆறு மாதமாக ஒரு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை போனபோது ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் நூல் கட்டி ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கியது. “பால் வாங்கியாச்சு, 6.40” என்று சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி. கீழே பொடிப்பொடியான எழுத்தில், “அம்மா போன் பண்ணாங்க. எடுக்கல. யாரும் திருப்பிக் கூப்பிட வேண்டாம்.” அதற்கும் கீழே பென்சிலால், இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல, “எனக்கு கலர் பென்சில் வேணும்.” பக்கத்திலேயே சாய்ந்த கையெழுத்து பதில் எழுதியிருந்தது: “சனிக்கிழமை.”

படங்களில் வருகிற கர்ஜனையை இந்தப் பதினோரு வருடத்தில் நான் கேட்டதில்லை. நான் பார்த்தது பெரும்பாலும் இதுதான்: காலையில் என்ன நடந்ததென்று மதியம் தெரியாமல் போவது, அதை யாருக்கும் தெரியாமல் சமாளிப்பது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: விலகல் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. அது மிக ஆழமாகப் போகும்போது ஒரே ஆளுக்குள் பல ‘நான்’கள் தனித்தனியாக இயங்க முடியும். பல முகம் இருப்பதற்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசம், நடுவில் விழுகிற மறதிச் சுவர்.

‘நான்’ எப்படி உருவாகிறது?

உடைந்த கண்ணாடி, சிதறிய தட்டு என்றுதான் இதற்கு வழக்கமாக உவமை சொல்வார்கள். முழுசாக இருந்த ஒன்று உடைந்ததென்று அர்த்தம் வருவதால் எனக்கு அது சரியாகப் படவில்லை. புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் புள்ளிகள், அப்புறம்தான் கோடு வந்து அவற்றைச் சேர்க்கிறது. குழந்தையின் மனமும் அப்படித்தான் தொடங்குகிறது.

இரண்டு வயதுக் குழந்தையைப் பாருங்கள். மிட்டாய் கிடைக்காமல் தரையில் புரண்டு அழும். காக்காயைக் காட்டினால் அடுத்த நொடி சிரிக்கும். பசி, பயம், சந்தோஷம், தூக்கம் எல்லாம் தனித்தனிப் புள்ளிகள். கோடு போடுகிறவர்கள் பெரியவர்கள். “இப்பதானே அழுதே? இப்ப சிரிக்கிறியா என் தங்கம்?” என்று அம்மா சொல்லும்போது, அழுததும் சிரிப்பதும் ஒரே ஆள்தான் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தினமும் நூறு முறை நடக்கும் இந்தச் சின்னப் பேச்சில்தான் கோடு வளர்கிறது. ஏறக்குறைய ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள் ‘நான்’ என்பது ஓரளவு சேர்ந்து வருகிறது என்று இந்தத் துறையினர் கருதுகிறார்கள்.

அந்த வயதில், கோடு போட வேண்டிய ஆளே பயங்கரத்தைச் செய்கிறவராக இருந்தால் என்ன ஆகும்? ராத்திரி குழந்தையைச் சித்திரவதை செய்கிறவரே காலையில் தட்டில் இட்லி வைக்கிறார். அந்த இட்லியைச் சாப்பிட்டால்தான் அது உயிரோடு இருக்கும். அந்த வீட்டைவிட்டு ஓட முடியாது, அவரை வெறுக்கவும் முடியாது. அதனால் மனம் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறது. ராத்திரி நடந்தது தெரிந்த ஒரு குழந்தை, தெரியாத ஒரு குழந்தை. தெரியாத குழந்தை பள்ளிக்கூடம் போகும், ரைம்ஸ் சொல்லும், மதிப்பெண் வாங்கும். தெரிந்த குழந்தை வலியைத் தாங்கிக்கொள்ளும். இது திரும்பத் திரும்ப நடந்தால் புள்ளிகளுக்கு இடையே கோடு விழுவதில்லை, சுவர்தான் எழும்புகிறது. அந்தந்தப் புள்ளி தனக்கென்று வயது, பெயர், விருப்பம் எல்லாம் வைத்துக்கொண்டு வளர ஆரம்பிக்கிறது.

இதை நான் முதன்முதலாகப் புரிந்துகொண்டபோது ‘கோளாறு’ என்ற சொல்லே நாக்கில் கசந்தது. வேறு வழியே இல்லாத ஒரு குழந்தை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அல்லவா இது.

சில சொற்கள்

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இல் இது ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்ற பெயரில் சேர்ந்தது. 1994இல் ‘டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்’ என்று பெயரை மாற்றினார்கள். சுருக்கமாக டி.ஐ.டி. ஆட்கள் அதிகமாகிவிட்டதைவிட, எல்லாம் சேர்ந்து ஒரே ‘நான்’ ஆகாமல் போனதுதான் அடிப்படை என்று புரிந்ததால் வந்த மாற்றம் அது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இதே பெயர்தான்.

மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, வேறு நோய். 1908இல் அந்தப் பெயரை வைத்த பிளாய்லர் ‘பிளந்த மனம்’ என்று பொருள் தரும் கிரேக்கச் சொற்களை எடுத்ததால்தான் பாதிக் குழப்பம். மனச்சிதைவில் ஒருவருடைய எண்ணமும் நம்பிக்கையும் நிஜத்திலிருந்து விலகுகின்றன, பல ‘நான்’கள் உருவாவதில்லை.

இப்படி வாழ்கிறவர்கள் தங்களுக்குள் புழங்கும் சொற்கள் வேறு. உள்ளே இருக்கும் எல்லோரையும் சேர்த்து ‘சிஸ்டம்’ என்பார்கள். அதில் ஒவ்வொருவரும் ஓர் ‘ஆல்டர்’. நான் ‘ஆள்’ என்றே சொல்கிறேன், ஏனென்றால் ‘பகுதி’ என்று சொன்னால் தங்களைக் குறைத்துப் பேசுவதாகச் சிலருக்கு வலிக்கிறது. அந்த நேரத்தில் உடலை நடத்துகிறவர் ‘முன்னால் இருக்கிறார்’. ஒருவர் போய் இன்னொருவர் வருவது ‘ஸ்விட்ச்’. பார்க்கிறவருக்குப் பெரும்பாலும் அது தெரியவே தெரியாது. கண் ஒரு நொடி எங்கோ போய்த் திரும்பும், உட்காரும் விதம் லேசாக மாறும். அவ்வளவுதான்.

இப்படி வாழ்வதற்குப் பொதுப்பெயர் ‘ப்ளூரல்’. நாம் இலக்கண வகுப்பில் படித்த ‘பன்மை’ அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நாங்களும் நாமும்

ஆங்கிலத்தில் இவர்கள் ‘வி’ என்று சொன்னால், கேட்கிறவருக்கு ஒரு கணம் குழப்பம் வரும்: என்னையும் சேர்த்தா? தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. கேட்கிறவரை வெளியே வைத்தால் நாங்கள், சேர்த்துக்கொண்டால் நாம். என் தோழி என்னிடம் “நாங்க இன்னைக்கு ரொம்ப டயர்ட்” என்பாள். நோட்டில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதும்போது “நாம வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போகணும்.” எந்த அகராதியும் தேவைப்படாமல் எனக்கு உள்ளும் புறமும் விளங்கிவிடுகிறது.

இன்னொன்றும் தமிழ்தான் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் போனில், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். வாடி போடி என்றே பேசிப் பழகியவள். என்னடி புதுசா மரியாதை என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்தக் குரலில் ஒரு தயக்கம், முதல் முறை பேசுகிறவரின் அடக்கம். “இல்லைங்க, இனிமேதான். நீங்க சாப்பிட்டீங்களா?” என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பொடி எழுத்தில் நோட்டு எழுதுகிறவர் அவர்தான் என்று பின்னால் தெரிந்தது. இன்றைக்கும் எங்களுக்குள் ‘நீங்க’தான்.

இது நிஜமா, நடிப்பா?

இந்தக் கேள்வியில் நியாயமான வரலாறு ஒன்று இருக்கிறது. 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் சில சிகிச்சையாளர்கள் ஹிப்னாடிசம் செய்து, இல்லாத நினைவுகளையும் ஆட்களையும் நோயாளிகளின் மனதில் விதைத்துவிட்டார்கள் என்று வழக்குகள் நடந்தன. அதிலிருந்து, இதெல்லாம் சிகிச்சையும் சினிமாவும் சேர்ந்து உண்டாக்கியது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் எல்லாமே நடிப்பு என்ற முடிவுக்கு ஆதாரம் இடம் கொடுப்பதில்லை. மூளையை ஸ்கேன் செய்து பார்த்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டி.ஐ.டி. உள்ளவர்களோடு, அதைப்போல நடிக்கும்படி சொல்லப்பட்டவர்களையும் சோதித்தார்கள். மூளையின் ரத்த ஓட்டத்திலும் உடலின் எதிர்வினைகளிலும் டி.ஐ.டி. உள்ளவர்களிடம் கண்ட மாற்றங்களை நடித்தவர்களால் கொண்டுவர முடியவில்லை.

ஆஸ்திரேலியாவின் ஜெனி ஹேன்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறு வயதிலிருந்து பல ஆண்டுகள் தந்தையால் கொடூரமாக வதைக்கப்பட்டவர். தன் பெயரை மறைக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டு வெளியில் வந்தார். தனக்குள் 2,500 பேர் உருவானதாகச் சொல்கிறார். 2019இல் சிட்னி நீதிமன்றத்தில், அந்த வதையை நேரடியாக அனுபவித்தவர்கள் அவர்கள்தான் என்பதால், அவருக்குள் இருக்கும் ஆட்களே சாட்சி சொல்ல நீதிபதி அனுமதித்தார். முதலில் பேசியது சிம்ஃபனி என்கிற நான்கு வயதுச் சிறுமி. பல நாள் நடக்க வேண்டிய விசாரணை அது. சிம்ஃபனி பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தந்தை குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை 45 ஆண்டு. ஒரு குழந்தை தன் நினைவுகளைத் தனித்தனி அறையில் பூட்டிவைத்ததால் அவை அழியாமல் இருந்தன, பல பத்தாண்டு கழித்து நீதி வாங்கிக் கொடுத்தன. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுருக்கமாக: இது சிறு வயதின் தொடர் வதையோடு மிக நெருக்கமாகத் தொடர்புடையது. மனச்சிதைவு வேறு. துறைக்குள் சர்ச்சை உண்டு, ஆனால் இந்த அனுபவம் உண்மையானது என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன.

சாமி வருவதும் இதுவும் ஒன்றா?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆடித் திருவிழாவில் உடுக்கை அடித்ததும் சித்திக்குச் சாமி வருகிறது. குறி சொல்கிறார், விபூதி போட்டதும் இறங்குகிறது, போய்ப் பொங்கல் வைக்கிறார். இது நோய் இல்லை. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக நடப்பதைக் கோளாறாகக் கணக்கிடக் கூடாது என்று அந்த அமெரிக்கக் கையேடே சொல்கிறது. வேண்டிய நேரத்தில் வந்து, வேண்டிய இடத்தில் இறங்கி, அவரையும் ஊரையும் ஒன்றாக வைக்கிற ஒன்றை நாம் போய்க் கெடுக்க வேண்டியதில்லை.

எந்தத் திருவிழாவும் இல்லாமல், அவர் விரும்பாமல், அலுவலகத்திலும் அடுப்படியிலும் வந்து, வாழ்க்கையைக் குலைத்தால் அது வேறு. டி.ஐ.டி. சில சமயம் பேய் பிடித்ததுபோன்ற வடிவத்திலேயே வரும் என்பதை 2013இல் வந்த பதிப்பில் தெளிவாகச் சேர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவரை வேப்பிலையால் அடிப்பதும் கட்டிப்போடுவதும் பழைய வதையை மறுபடி செய்வதுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்துபோனார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது மனசுக்கு ஆறுதல் தந்தால் போகட்டும். மருத்துவரிடமும் போகட்டும். சங்கிலி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஒருவர் உங்களிடம் இதைச் சொன்னால், அதைச் சொல்ல அவருக்குப் பல வருடம் ஆகியிருக்கும். “எத்தனை பேர் இருக்கீங்க? மாறிக் காட்டு” என்று கேட்காதீர்கள். “சொன்னதுக்கு நன்றி. நான் எப்படி நடந்துகிட்டா உனக்கு வசதி?” என்று கேட்டால் போதும். அவரிடம் கேட்காமல் மூன்றாவது ஆளிடம் சொல்லாதீர்கள், நல்லெண்ணத்தில்கூட. வேலை, வாடகை வீடு, கல்யாணம் எல்லாமே இதில் போய்விடக்கூடும்.

முன்னால் யார் இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டாம். அவர் பெயர் சொன்னால் அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். தமிழில் வினைச்சொல்லிலேயே ஆண், பெண், மரியாதை எல்லாம் வந்துவிடுகிறது. அதனால் வந்தானா, வந்தாளா, வந்தாரா என்பதையும் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. தவறாகச் சொல்லிவிட்டால் திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். “அவளைக் கூப்பிடு, அவகிட்டதான் பேசணும்” என்று முன்னால் இருப்பவரை விரட்டாதீர்கள். அவரும் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒருவர்தான்.

குழந்தை முன்னால் வந்தால் சிரிக்காதீர்கள். கலர் பென்சில் கேட்ட அந்தச் சின்னவளோடு நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மயிலுக்கு வண்ணம் அடித்திருக்கிறேன். முப்பது வயதுக் கைதான், ஆனால் பென்சிலை முஷ்டியால் பிடித்திருந்தாள். கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் என்னை நிமிர்ந்து பார்த்தாள், திட்டுவேனோ என்று.

கோபமாகப் பேசுகிற ஆள் இருந்தால் அவரை வில்லனாக்காதீர்கள். பெரும்பாலும் காவலுக்கு நிற்கிறவர் அவர்தான். இவர்கள் மற்றவர்களைத் தாக்குவார்கள் என்பது சினிமா தந்த பயம். ஆபத்து அதிகம் அவர்களுக்கே. வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும் டி.ஐ.டி. உள்ளவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எப்போதாவது தற்கொலைக்கு முயன்றவர்கள் என்று அந்த அமெரிக்கக் கையேடு சொல்கிறது. சாவைப் பற்றிப் பேசினால், யார் பேசினாலும், அதைப் பொருட்படுத்துங்கள். தனியாக விடாதீர்கள்.

பழைய நினைவில் சிக்கிக்கொண்டு நடுங்கினால் உடனே தொடாதீர்கள். மெதுவாக, உங்கள் பெயரைச் சொல்லி, இது எந்த வருடம், எந்த ஊர், இது யார் வீடு என்று சொல்லுங்கள். தரையில் பாதத்தை அழுத்தச் சொல்லுங்கள். கையில் குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு கொடுக்கலாம். “அப்ப என்ன நடந்துச்சு?” என்று தோண்டுவது மட்டும் கூடவே கூடாது. அது பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை.

ஒருவர் கொடுத்த வாக்கு எல்லோருக்கும் பொதுவா என்று கேட்பீர்கள். என் தோழி வீட்டில் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறார்கள்: யார் கடன் வாங்கினாலும் எல்லோரும் சேர்ந்து அடைப்பது. நானும் ஒருவரிடம் சொன்னதை எல்லோரிடமும் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன், அதனால் யாரையும் பற்றி யாரிடமும் புறம் பேச முடியாது. உங்களுக்கும் களைப்பு வரும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் அவசரம் இல்லையென்றால் போன் எடுக்க மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். பொடி எழுத்து அதை நோட்டில் குறித்துவைத்தது.

மருத்துவம் எதை நோக்கி?

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து தருவார்கள். பிரதானம் பேச்சுச் சிகிச்சை, அது வருடக்கணக்கில் போகும். முதலில் பாதுகாப்பும் நிதானமும், அப்புறம்தான் பழைய காயங்கள், கடைசியாக அன்றாட வாழ்க்கையைச் சேர்த்துக் கட்டுவது என்று மூன்று கட்டமாகச் செய்யச் சொல்கிறது 2011இல் வந்த சர்வதேச வழிகாட்டி. எல்லோரும் கலந்து ஒருவராவது சிலரின் விருப்பம். சுவர்களைக் கதவுகளாக்கி, பலராகவே ஒத்துப்போய் வாழ்வது வேறு சிலரின் விருப்பம். எது வேண்டுமென்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். “எப்ப சரியாகி ஒரே ஆளா ஆவே?” என்று கேட்பது, உள்ளே இருக்கிற ஒருவரிடம் “நீ எப்ப இல்லாம போவே?” என்று கேட்பதுபோல விழும்.

சரியான மருத்துவர் கிடைக்க நாளாகலாம். அமெரிக்காவில் 100 பேரை வைத்து 1986இல் நடந்த ஆய்வில், முதல் முறை மருத்துவரைப் பார்த்ததிலிருந்து சரியான பெயர் தெரிய சராசரியாக 6.8 ஆண்டு ஆகியிருந்தது. குரல் கேட்கிறது என்றதும் மனச்சிதைவு என்று எழுதிவிடுவது ஒரு காரணம். அதனால் போகும்போது மறதியைப் பற்றி முதலில் சொல்லுங்கள்: எத்தனை மணி நேரம் காணாமல் போகிறது, வாங்கியது நினைவில்லாத பொருள் வீட்டில் என்ன இருக்கிறது, கையெழுத்து மாறுகிறதா. என் தோழி அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போனாள்.

இந்தியாவில் 14416 என்பது மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. நோட்டின் பின்னட்டையில் 14416 எழுதியிருக்கிறது. சாய்ந்த எழுத்தில் ஒரு முறை, பொடி எழுத்தில் ஒரு முறை, பென்சிலால் பெரிதாக ஒரு முறை.